நண்டுத் தராசு

தெற்குவாடியில் நண்டு நிறுக்கும் தராசில்தான்
பெட்டியைத் தூக்கி வைத்தோம்.
இருபத்து மூன்றரை.
இருபதுக்கு மேல் கிலோவுக்குக் கிலோ காசு.
இவர் வேத விளக்கவுரையை வெளியே எடுத்தார்,
தடித்த அட்டை, இரண்டு பாகம்.
முள் இறங்கியது.
ஓபேத்தின் டயப்பர் கட்டை நான் தொடவே இல்லை.
"ஊழியத்துக்குப் போறவுக
எத விட்டுட்டுப் போறீகன்னு பாருங்க"
என்று சிரித்தார் கம்பெனிக் கணக்கர் லத்தீப் பாய்.
பெட்டியின் அடியில் நண்டு வாடை ஒட்டிக்கொண்டது.

வழியனுப்ப கிளாட்வின் அண்ணன் வரவில்லை.
வலை பொத்திக்கொண்டிருந்தான்.
முதல்நாள் இரவு ஒன்றே ஒன்று கேட்டான்:
"கொழும்புக்கு எம்புட்டு நேரம்?"
ஐம்பது நிமிஷம் என்றேன்.
"திரும்பிவர எனக்கு நாலு மாசம்" என்றான்,
ஊசியில் நூல் கோத்தபடி.

ஓபேத்துக்கும் தனிப் பாஸ்போர்ட்.
ராமநாதபுரம் ஸ்டுடியோவில்
அந்தப் படத்துக்காக அரைமணி நேரம் அழுதான்;
மூச்சு வாங்க வாய் மூடிய நொடியைப்
பிடித்துவிட்டார்கள்.
மதுரையில் அதிகாரி படத்தைப் பார்த்தார், இவனைப் பார்த்தார்.
இவன் அவருடைய முத்திரையைக் கேட்டான்.
சோதனையில் பால் புட்டியை நீட்டி
"குடிச்சுக் காட்டுங்க" என்றாள் ஒரு பெண்.
குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

பதுளைப் பக்கம் மூன்று மாதப் பயிற்சி.
தேயிலைத் தோட்டத்து லயத்தில்
எந்த வாசலில் நிற்க வேண்டும்,
கொடுத்த டீயை எப்படி வாங்க வேண்டும்,
எப்போது பேச்சை நிறுத்த வேண்டும்,
எல்லாம் சொல்லித்தருவார்களாம்.
விண்ணப்பத்தில்
'உங்கள் அழைப்பை விவரிக்கவும்' என்று பத்துக் கோடுகள்.
எட்டில் எழுதினேன்.
மிச்சம் இரண்டில் ஓபேத் கிறுக்கினான்.
அப்படியே அனுப்பிவிட்டோம்.

இரண்டு வயது ஆக இன்னும் பதினொரு நாள்;
அதுவரை மடிதான் இருக்கை.
திரும்பும்போது முழு டிக்கெட்.
என் பெல்ட்டில் இவன் குட்டி பெல்ட்டைக் கோத்தார்கள்,
தோணியில் வள்ளத்தைக் கட்டுவதுபோல.
உச்சிப்புளியில் நேவிக்காரர் விமானம் எழும்பினால்
தெருவுக்கு ஓடி அண்ணாந்து கைதட்டுகிறவன்
ஜன்னலில் நெற்றியை அழுத்தி
"ஏப்பேன் எங்க? ஏப்பேன் எங்க?"
என்று தேடினான்.
பிறகு காது அடைத்தது.
கேட்க வேண்டுமா,
முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மூக்கையூர் தாண்டிக் கடல்.
இடப்பக்கம் தூரத்தில் ஒரு கீறல்,
பாம்பன் பாலம்,
அல்லது பாலம் என்று நான் எண்ணிக்கொண்டது.
கோடு எங்கே என்று பார்த்தேன்.
மணல் நிறம், பச்சை, அப்புறம் கருநீலம்,
எல்லாம் தண்ணீர்.
இருட்டில் கருவி கத்தும் என்பான் அண்ணன்,
மீன் அதற்கு அந்தப் பக்கம்தான் நிற்கும் என்பான்.
ஆரஞ்சா ஆப்பிளா என்று
பணிப்பெண் கேட்டு முடிப்பதற்குள்
நாங்கள் தாண்டியிருப்போம்.
ஆப்பிள் என்றேன்.

ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன்.
பின் வரிசையில் இவர் ஏற்கெனவே மூடியிருந்தார்,
ஜெபமோ தூக்கமோ.
எனக்கு வந்ததெல்லாம் அண்ணன் படகின் எண்:
பூஜ்யம், பூஜ்யம், ஏழு, நாலு.
மயிலிட்டியில் அது பாதி முங்கிக் கிடக்கிறதாம்.
பூஜ்யம், பூஜ்யம், ஏழு, நாலு.
ஆமென் சொல்ல மறந்துவிட்டேன்.

கொழும்பில் அதிகாரி தமிழிலேயே கேட்டார்.
"ஊர்?"
பாம்பன்.
பேனா கொஞ்சம் நின்றது.
"எத்தனை நாள்?"
மூன்று மாதம் என்றேன்.
அண்ணனிடமும் முதலில் அப்படித்தான் சொன்னார்களாம்.
முத்திரை விழுந்தது.
ஓபேத் மறுபடி கை நீட்டினான்.

பெட்டி ஆடி ஆடி வளைந்து வந்தது.
இவன் என் தோளிலிருந்து வழுகி இறங்கி
அதன் அடிப்பக்கத்தை முகர்ந்து
"மாமா" என்றான்.
இன்னொரு பை வரவில்லை.
பட்டை சுற்றிக்கொண்டே இருந்தது.
நின்றுகொண்டிருந்தோம்.