பேரிங்

பெருந்துறை விடுதியில் முதல் வாரம்
நாலரைக்கு விழித்துவிடுகிறேன்.
மணி எதுவும் அடிக்கவில்லை.
பல் தேய்த்து, நீறு பூசி,
கட்டில் விளிம்பில்
பெஞ்சில் உட்காருவதுபோல் உட்கார்ந்திருக்கிறேன்.

ராசிபுரத்துப் பள்ளியில் இரண்டு வருடம்
எல்லாவற்றுக்கும் மணி இருந்தது.
பசிக்கு ஒன்று. தினத்தேர்வுக்கு ஒன்று.
ஞாயிறு மதியம் அம்மாவோடு பேசப் பத்து நிமிடம்,
அது தீர ஒன்று.
போதமலை சன்னலுக்கு நேரேதான் நின்றது;
மழை பெய்ததை
விடைத்தாளின் நமுப்பில் தெரிந்துகொண்டோம்.
கட்-ஆஃப் நூற்று எண்பத்து மூன்றரை.
அந்த எண்ணுக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறதென்று
ஒருவரும் கேட்கவில்லை,
நானும்.

இங்கே பேராசிரியர் வருகிறார், முடிக்கிறார், போகிறார்.
எதற்கு அடிக்கோடு போட வேண்டும் என்று சொல்வதில்லை.
கேள்வி ஏதாவது இருக்கிறதா என்கிறார்.
கேள்வி என்பது
அச்சாகி வருவது என்றே இருந்துவிட்டேன்.

பக்கத்துக் கட்டில் குகநேசன்.
குமாரபாளையத்தில் வீட்டுக்குள்ளேயே நாலு விசைத்தறி.
சத்தமில்லாமல் தூக்கம் வராது அவனுக்கு,
பேரிங் போன மின்விசிறியை
வார்டன் மாற்ற வந்தபோது
வேண்டாங்க என்று கும்பிட்டு அனுப்பினான்.
ராத்திரி ஷிப்டில் அறுந்த பாவை முடிந்துகொண்டே
பிளஸ் டூ படித்தவன். கட்-ஆஃப்
என்னைவிட முப்பது குறைச்சல்.
முதல் உள்தேர்வில், ஐம்பதுக்கு,
அவன் முப்பத்தெட்டு. நான் பன்னிரண்டு.

"எதுக்குடா மெக்கானிக்கல் எடுத்தே?"
"எங்க மூணாந்தறியில
நாடா திரும்பறப்ப ஒரு உதறு இருக்குது.
எங்கிருந்து வருதுன்னு எங்கப்பனுக்கும் தெரியல,
பிட்டருக்கும் தெரியல."
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான். நீ?"

விசிறி கரகரத்துச் சுற்றியது.

அப்பா சத்தீஸ்கரிலிருந்து பேசினார்,
ரிக் லாரியின் இரைச்சலுக்கு மேலே கத்தி.
பன்னிரண்டைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் கம்ப்ரசர் மட்டும் பேசியது.
"அங்க ட்யூசன் ஏதாச்சும் இருந்தாச் சொல்லு சாமி,
எவ்வளவானாலும் சேத்தி உட்டர்றேன்."
பாவம், அவருக்குத் தெரிந்தது அதுதான்:
இன்னொரு மணி வாங்கித் தருவது.
"வேண்டாங்ப்பா" என்றேன்.
அந்தச் சொல் என் வாயில்
புதுச் செருப்புப்போல் கடித்தது.

சனிக்கிழமை குகநேசன் ஊருக்குப் போனதும்
ஸ்டூல் போட்டு விசிறியை இறக்கினேன்.
மாதிரி வினாத்தாளை விரித்து
திருகாணிகளை அதன்மேல் வரிசையாக வைத்தேன்.
கீழே தட்டுக் கழுவும் சத்தம் கேட்டு
மதியச் சாப்பாடு முடிந்தது தெரிந்தது.

பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது.
அப்படியானால் அந்தக் கரகரப்பு
எங்கிருந்து?

கையெல்லாம் கிரீஸ். நேரம் தெரியவில்லை.
பசிக்கிறது, அதுவாகவே.
மறுபடி மாட்டத் தெரியுமா என்பதை
இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.
நாளை ராத்திரி அவன் வந்து
என்னைக் கொல்லப்போகிறான்.