பாதி ஹிக்கரி

ராயப்பேட்டை வரவேற்பில் நேற்று
மாப்பிள்ளை மேடையேறும் நேரம் பார்த்து
வலதுகைக் குச்சி முறிந்தது.
பறந்த பாதி பந்திப் பக்கம் விழ
கீபோர்டிலிருந்து தலை நிமிராமல் சிரித்தான் சம்சு.

மிச்சத்தை மேன்ஷன் அறைக்கு எடுத்துவந்தேன்.
முறிவில் நார் நாராக நிற்கிறது.
ஆறு மாதம் டிரம் விளிம்பு கடித்துத் துப்பியும்
என் மணிக்கட்டுக்கு எதையும் சொல்லாமல்
அதிர்வையெல்லாம் தானே விழுங்கிய மரம்.
கோடாலிக் காம்பும் இதில்தான் போடுவார்களாம்.
யாரை வெட்ட?

ஹிக்கரி.
இலை எப்படி, நிழல் எப்படி, நான் கண்டதில்லை.
பெயர்கூட மரத்துடையது இல்லை.
கொட்டையை இடித்துத் தண்ணீரில் கலக்கி
அந்த மண்ணின் சனங்கள் எடுத்த பாலுக்குப் பெயர்.
பாக்கோஹிக்கோரா, அல்லது அதுபோல் ஏதோ.
கப்பலில் வந்தவன் நாக்குக்கு அது நீளம்.
தலையை நறுக்கினான், வாலை நறுக்கினான்,
மிஞ்சியதைக் கொண்டுபோய் மரத்தில் மாட்டினான்.

ஜன்னலுக்குக் கீழே ஷேர் ஆட்டோக்காரர்
ட்ரிப்ளிகேன் ட்ரிப்ளிகேன் என்று கத்துகிறார்.
அல்லியும் போச்சு, கேணியும் போச்சு,
வாடகை மட்டும் முழுசாய் இருக்கிறது.

தூக்கம் வரவில்லை.
தலையணையை மடியில் வைத்து
இடதுகைக் குச்சியால் மெல்லத் தட்டிப் பார்க்கிறேன்.
பாக் கோ ஹிக் கோ ரா.
திரு வல் லிக் கே ணி.
இரண்டுக்கும் ஐந்து தட்டு!
ஐந்தாவதில் கை தானாக ஒரு கணம் நிற்கிறது.

பக்கத்து அறை மெடிக்கல் ரெப்
சுவரில் குத்துகிறார்.
அதுவும் தாளத்தில்தான் விழுகிறது.

நாளைக்கு மவுண்ட் ரோடு போகவேண்டும்.
இதிலும் ஒரு கீறல் ஓடியிருக்கிறது.