பதினோராம் கேள்வி

மாகாணத்தில் பதினோரு மாவட்டம்.
எங்களுக்கு வந்தது கரும்பு நிற்கும் ஒன்று.
உம்சிண்டோ பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
பழைய வங்கிக் கட்டடத்தில் இரண்டு மேசை,
மழை பெய்தால் ஒரு மேசை.

தற்கொலைத் தடுப்பு ஆய்வு என்று
கதவில் எழுத வேண்டாம் என்றார்கள்.
'குடும்ப நலம்' என்று எழுதினோம்.
குடும்பக் கட்டுப்பாடு என்று நினைத்து
இரண்டு பேர் வந்து போனார்கள்.

கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருந்தது.
நொம்தாண்டாசோ ஒரே நாளில் ஜூலுவில் முடித்துவிட்டாள்.
தமிழில்தான் பதில் சொல்வேன் என்றவர்கள்
பட்டியலில் இருபத்தாறு பேர்.
அவர்களுக்காக,
சனிக்கிழமைப் பள்ளியில் படித்ததையெல்லாம்
மேசைமேல் கொட்டிப் பொறுக்கினேன்.
தூக்கம், பசி, கடன், முழங்கால்
பத்துவரை தாண்டிவிட்டேன்.
பதினொன்றில் பேனா நின்றது.

'கடந்த ஒரு மாதத்தில்
செத்துப்போகலாம் என்று
உங்களுக்குத் தோன்றியதுண்டா?'

எங்கள் வீடுகளில் இதைச் சொல்லாத நாள் உண்டா.
பால் பொங்கி வழிந்தால் செத்துத் தொலையலாம்.
மின்சாரம் போனால், மருமகன் வராவிட்டால்,
இந்த எமன் எங்கே போய்ச் செத்தான்.
சொல்லிவிட்டுப் புளி கரைக்கப் போவார்கள்.
இந்த மொழியில்
உண்மையாகவே சாக நினைக்கிறவர்
மிச்சமிருக்கும் எந்தச் சொல்லில் சொல்வார்?

முதல் இருபது பேரும் சிரித்துக்கொண்டே 'ஆமாம்' என்றார்கள்.
இருபது 'ஒன்று' போட்டேன்.

இருபத்தொன்றாவது, செசெலா பாதையில்,
ஆறு ஏக்கர் கரும்பு, ஒரு நாய்,
அப்பாவு கவுண்டன்.
'இல்லை' என்றார்,
வங்கியில் கையெழுத்துப் போடுகிறவரின் மரியாதையோடு.
'எல்லாம் ஒழுங்கு பண்ணியாச்சும்மா.
நாய்க்குக்கூட ஆள் சொல்லியாச்சு.'

பூஜ்யம் போட்டேன்.
போட்ட கை அங்கேயே இருந்தது.

தாளை மூடினேன்.
வெறும் வாயால் கேட்டேன்:
'அய்யா, சாகப் போறீங்களா?'

பின்பக்கம் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.
அவர் நாயைப் பார்த்தார்.
நாய் என்னைப் பார்த்தது.
'யாரும் இப்படிக் கேக்கலியேம்மா'
என்றார்.

அன்று மிச்ச ஐந்து வீட்டுக்கும் நான் போகவில்லை.
கிளினிக் நர்ஸ் வந்தாள்.
வயல் மருந்துகளையெல்லாம் வைத்துப் பூட்ட
எங்கள் இரும்புப் பெட்டி வந்தது.
சாவி பக்கத்து வீட்டு தோகோசிலே செலேயின் ஆணியில்,
அவளுடைய சர்ச் சாவிக்குப் பக்கத்தில் தொங்கியது.
அவள் ஒரு நோட்டு வைத்திருந்தாள்.
நொம்தாண்டாசோ எனக்கு வாசித்துக் காட்டினாள்:

'செவ்வாய். சாவி கேட்டார். களை என்றார்.
நானும் போய்ப் பார்த்தேன். களைதான். கொடுத்தேன்.

வெள்ளி. சாவி கேட்டார். களை இல்லை.
உட்காரச் சொன்னேன்.
மில்காரனைத் திட்டினார். செத்துப்போன மனைவியைப் பற்றிப் பேசினார்.
மறுபடி மில்காரனை.
இருட்டிவிட்டது. எதற்கு வந்தார் என்பதை மறந்துவிட்டார்.
நான் மறக்கவில்லை.
என் மகன் கூடவே போய் ராத்திரி அங்கே படுத்தான்.
காலையில் கிளினிக்குக்குச் சொன்னோம்.'

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அறிக்கை வைத்த அன்று
நடந்தவற்றுக்கெல்லாம் ஒரு நிரல் இருந்தது.
வயது, பால், மாவட்டம், மாதம்.
ஒரு வெள்ளிக்கிழமை நடக்காமல் போனதை
எந்த நிரலில் போட?
புள்ளியியல்காரர் நல்ல மனிதர்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இருபத்தாறு மிகச் சிறிய எண் என்றார்.
அடுத்த சுற்றில் தமிழ்த்தாள் கிடையாது.

கோப்பில் இன்றைக்கும்
சிரித்த இருபது பேர் ஆபத்தில் இருக்கிறார்கள்.
அப்பாவு கவுண்டன் பூஜ்யம்.
திருத்த எனக்கு அனுமதி இல்லை,
சொன்னதைத்தானே எழுத வேண்டும்.

போன வாரம் தோகோசிலே போன் பண்ணினாள்.
மழையைப் பற்றி, விறகைப் பற்றி, கடைசியில்
கொடுத்த இடத்திலிருந்து
நாயைத் திரும்ப வாங்கி வந்துவிட்டாராம் கிழவர்.
சண்டை போட்டு வாங்கினாராம்.

அதற்குக் குறியீடு இல்லை.
அவருடைய தாளின் ஓரத்தில்
பென்சிலால் எழுதி வைத்தேன்:
நாய்.