ராஜாவின் சட்டை

செவ்வாய்க்கிழமை கொலையுண்ட ராஜா
புதன் விடியலில் என் வாசலில் நின்றார்,
சட்டையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு.
"மத்தியானத்துக்குள் வேண்டும் தாமசின்,
இன்றைக்கும் சாகவேண்டியிருக்கிறது."
வெயில் வந்தால் பார்க்கலாம் என்றேன்.
லண்டனில் வெயிலை நம்பி வாக்குக் கொடுப்பவள்
நான் ஒருத்திதான்.

ஆட்டு ரத்தம்.
வெந்நீர் பட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும்.
பச்சைத் தண்ணீர், உப்பு, அப்புறம் சாம்பல்நீர்.
பதினோரு வருஷமாக வெளுக்கிறேன்.
ராஜாவின் கழுத்துப்பட்டியும் கோமாளியின் கழுத்துப்பட்டியும்
ஒரே அளவு.
ஆள் பற்றாக்குறை; இரண்டுக்கும் ஒரே கழுத்து.

மேடையை நான் பார்த்ததில்லை.
ஒரு பென்னி கொடுத்தால் முற்றத்தில் நிற்கலாம்,
அதே பென்னிக்கு ஒரு ரொட்டி.
என் தொட்டிக்கும் அவர்கள் கூடத்துக்கும் நடுவே
பலகைச் சுவர். காது இலவசம்.
மூன்றாம் எக்காளம் ஓய்ந்ததும்
இடுக்கில் பேச்சு கசியும்.
பாதியைக் கரடித் தோட்டத்து நாய்கள் தின்றுவிடும்.
யார் யாருக்கு மகன், யார் கையில் கத்தி
ஒன்றும் விளங்காது.
ஆனால் துணியை அடிக்கும் கை
சில வார்த்தைக்கு அந்தரத்தில் நின்றுவிடும்.
தண்ணீர் முழங்கை வரை வழியும்.

கொள்ளைநோய் வருஷம் கூடத்தைப் பூட்டினார்கள்.
ராஜாக்கள் வயிற்றுப்பாட்டுக்கு வெளியூர் போனார்கள்.
படகோட்டி ஆம்ப்ரோஸ் வீட்டுக் கதவில் சிவப்புச் சிலுவை.
உள்ளே சிசிலி, ஆறு வயசு, போய்விட்டாள்.
அவன் அழவில்லை என்று காவல்காரன் சொன்னான்,
சுவரைப் பார்த்தபடியே இருக்கிறானாம்.
அடைத்த ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.
எனக்கென்று ஒரு சொல்லும் வரவில்லை.
பலகை வழியே வந்த ஒன்றைத்தான் எடுத்துச் சொன்னேன்:
"அழாத கண் கடன்பட்ட கண்.
வட்டி ஏறும், ஐயா, வட்டி ஏறும்."
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது.
பிறகு அவன்.

ஏழு வருஷம் கழித்து மீன் சந்தையில்
முன்பின் தெரியாத ஒருத்தி இன்னொருத்தியிடம்:
"அழாத கண்ணுக்கு வட்டி ஏறும்டி,
எங்கள் ஊர்ப் பக்கம் ஆதியிலிருந்து சொல்வது."
கையில் விலாங்கு வழுக்க நான் நின்றேன்.
ஆற்றில் எத்தனை பேரை ஏற்றி இறக்கினானோ
அந்த ஆம்ப்ரோஸ்.

இதையெல்லாம் ராஜாவிடம் சொன்னேன். சிரித்தார்.
"ஐயோ தாமசின், அதைச் சொல்கிறவன் அயோக்கியன்.
விதவையைத் தேற்றுகிற மாதிரி தேற்றி
அவள் கோப்பையில் விஷம் கலக்கிறான்.
எழுதியவர் அதை அவன் வாயில்தான் வைத்தார்."

இருக்கட்டும்.
அன்றிரவு கொஞ்சம் தூக்கம் கெட்டது, பொய் சொல்வானேன்.
நல்ல வார்த்தையைக் கெட்ட வாயில் வைத்தவருக்கு
மனுஷர்களை எவ்வளவு தெரிந்திருக்கும்!
காலையில் எழுந்து தொட்டியில் கை வைத்தேன்.
கொலைகாரன் சட்டை, கொலையுண்டவன் சட்டை,
இரண்டும் ஒரே தண்ணீரில்.
யார் போட்ட சட்டை என்று கேட்டுவிட்டா
குளிர் விலகுகிறது?

கொடியில் காய்கிறது.
ராஜா மூன்று பென்னி பாக்கி.