பின் சக்கரத்துக்கு ஒரு கல்

இரண்டே சீட்டு வண்டியில்
ஒருத்தி ஓட்டினால்
இன்னொருவர் கல் வைக்கத்தான் வேண்டும்.

சுண்ணாம்புக்கரட்டில் பொறுக்கிய வெள்ளைக்கல்,
மூன்று கிலோ இருக்கும்.
ஏற்காட்டு ஏற்றத்தில் நான் எங்கே நிறுத்தினாலும்
சகாயராஜ் குதித்திறங்கி
பின் டயருக்கு முட்டுக் கொடுப்பார்.
ஒன்பதாவது வளைவில் ஒருமுறை
கல் போய்ச் சேருமுன்
வண்டி ஒரு முழம் பின்வாங்கிவிட்டது.
பின்னால் நின்ற பஸ்காரர்
என் அப்பாவைப் பற்றி ஏதோ சொன்னார்.

லீவரைத் தூக்கினால்
கடகடகடவென்று பதினொரு பல்.
கூரையை இடிக்கும் அளவுக்கு வரும்,
கூரை இருந்திருந்தால்.
பிடிப்புதான் வராது.
கல்யாண வீட்டு வாசலில்
வாங்க வாங்க என்று கையைப் பிடித்துவிட்டுப்
பந்திக்குக் கூப்பிடாத சொந்தம் மாதிரி.

கேபிள் இழுத்துப்போச்சும்மா என்றார் தனக்கோடி,
கொண்டலாம்பட்டிப் பட்டறையில்.
அடியில் படுத்து
நட்டை நாலு சுற்று முறுக்கினார்.
நின்றது. இருநூறு ரூபாய்.
அஸ்தம்பட்டி சிக்னல் தாண்டுவதற்குள்
வலது பின்சக்கரத்தில் தீய்ந்த வாடை.
ஓரங்கட்டி, பாட்டில் தண்ணீரில் விரல் நனைத்து
டிரம்மில் தெளித்தேன்.
சுர்ரென்றது.
இடதைத் தொட்டேன்.
மண்பானை மாதிரி குளிர்ந்திருந்தது.

ஒன்று எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கிறது,
இன்னொன்று பிடிப்பதே இல்லை.
நடுவில் ஓடும் கம்பியை முறுக்கி
என்ன ஆகப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை, கன்னங்குறிச்சி வீட்டு வாசல்.
முன் சக்கரங்களுக்கு இருபுறமும் செங்கல்.
ஜாக்கை நம்பாதே என்று எனக்கு நானே சொல்லி
ஸ்டாண்டு போட்டேன்.
முதல் வேலை, கேபிளை முழுக்கத் தளர்த்துவது:
தனக்கோடி முறுக்கிய நாலு சுற்று,
அவருக்கு முன் யார் யாரோ முறுக்கிய ஏழு.
இடது டிரம் அசையவில்லை.
மரச்சுத்தியால் ஓரமாய்த் தட்டித் தட்டி
வெயில் முருங்கையைத் தாண்டிய பிறகு
மனசில்லாமல் கழன்றது.

தூசியை ஊதவில்லை, ஈரத்துணியால் எடுத்தேன்.
ஷூவில் ஆயில் இல்லை.
சிலிண்டர் கசியவில்லை.
லைனிங் பாதிக்கு மேல் மிச்சம்.
தேயத் தேய ஷூவை வெளியே தள்ளவேண்டிய
சுண்டுவிரல் நக அளவுப் பல்சக்கரம் மட்டும்
துருவேறி
வருஷக்கணக்காய்ச் சும்மா உட்கார்ந்திருந்தது.
அதற்கும் சேர்த்துத்தான்
லீவர் பதினொரு பல் ஏறிக்கொண்டிருந்தது.

வலது பக்கம் வேறு கதை.
கேபிள் உறைக்குள் துரு.
போனால் திரும்பாது.
இந்த வண்டிக்குப் புதுசு எங்கேயும் இல்லை.
ஓமலூர் ரோட்டில் ஒரு கடையில்
எதனுடையதோ ஒரு கேபிளை நீளம் பார்த்து வெட்டி
நுனியில் குமிழ் அழுத்தித் தந்தார்கள்.

டிரம்மை மாட்டி, கையால் சுழற்றி,
ஷூ லேசாய் உரசும்வரை பல் பல்லாய்த் தள்ளி,
ஒரு பல் பின்னுக்கு.
அதற்கப்புறம்தான் கேபிள்.
சகாயராஜ் சீட்டில் இருந்தார்.
இழுங்க என்றால் இழுத்தார்,
விடுங்க என்றால் விட்டார்.
இருபது தடவை. ஏன் என்று கேட்கவில்லை.
இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் நின்று
ஒரே நேரத்தில் சுழன்றபோது
இருட்டிவிட்டது.

பதினாலாவது வளைவு தாண்டி
சுக்குக்காப்பி விற்பவர் பக்கத்தில் நிறுத்தினேன்.
லீவர், ஐந்து பல்.
பெடலிலிருந்து காலை
விரல் விரலாய் எடுத்தேன்.
கீழே சேலம் தூசிக்குள் கலங்கிக் கிடந்தது.
வண்டி நின்றது.
இன்னும் நின்றது.

சகாயராஜ் அதற்குள் இறங்கியிருந்தார்.
டயரோரம் குந்தி, கையில் கல்லோடு,
இப்போது நகரும் என்று பார்த்தபடி.
"வைக்கட்டுமா?" என்றார்.

வையுங்க என்றேன்.
முதல் கியரையும் போட்டுவிட்டு இறங்கினேன்.