மூடி

வின்னிபெக்கில் காலை ஆறு மணி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
காரின் மூக்கிலிருந்து தொங்கும் வயர்
பார்க்கிங் கம்பத்தில் மின்சாரம் குடிக்கிறது.
இரவெல்லாம் பஸ்களுக்கு நரம்பு கோத்த கையோடு
சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.
டெர்ன் 9.2 இறங்கிக்கொண்டிருக்கிறது.
நாற்பத்தாறு விழுக்காடு.

டெர்ன் ஒரு கடற்பறவை,
தமிழில் ஆலா.
இது அதன் பெயர் வைத்த இயங்குதளம்,
யூனிக்ஸுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வையுங்கள்.
சம்பளமில்லாத எழுபது பேர்
சமைத்த பிறகு, பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதுவது.
முன்பெல்லாம் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து,
கேட்டதற்கு மட்டும் பதில்.
இப்போது ஜன்னல்கள், நிழல் விழும் பட்டன்கள்;
பிரிண்டரைத் தானே தேடிப்போய் நலம் விசாரிக்கிறது.
யார் வேண்டுமானாலும் பாவிக்கலாம் என்கிறது அறிவிப்பு.
அந்த யாரில் வதனியும் அடக்கமா என்பது
பதினொரு மாதமாக இந்த வீட்டின் கேள்வி.

என் மடிக்கணினிக்கு ஒரு வியாதி.
மூடியைச் சாத்தினால் தூங்கும்.
திறந்தால் எழும்பாது.
விசிறி சுற்றும், விளக்கு எரியும்,
கண் மட்டும் திறக்காது.
கும்பகர்ணன் மேலாவது யானை ஏற்றலாம்;
இதற்குப் பட்டனை அமுக்கிப் பிடித்துக்
கொல்வதைத் தவிர வழியில்லை.

போன வருட வரிக்கணக்கைப் பாதியில் விட்டு
வதனி ஒருநாள் சாத்தினாள்.
மூன்று மணி நேர வேலை.
அவள் கத்தவில்லை, அதுதான் பயம்.
மறுநாள் மூடியில் டேப் ஒட்டி எழுதினேன்:
மூடாதே.
மாலையில் அதன் கீழே அவள் கையெழுத்து:
எதை, வாயையா?

அன்றிலிருந்து அது இரவும் பகலும் திறந்தே கிடந்தது.
ஹாலிலிருந்து நீல வெளிச்சம்
கட்டில் வரை வந்தது.
அவள் எழும்பிப் போய்
படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிழை அறிக்கை அனுப்பினேன்.
இந்த மாடல், இந்தச் சிப்:
உலகத்தில் புகார் சொன்னவன் நான் ஒருவன்.
ட்ரொண்ட்ஹெய்மிலிருந்து ஹல்வார் என்றொருவர்:
"என்னிடம் அந்த இயந்திரம் இல்லை.
என் கையாக இருப்பீர்களா?"

இருந்தேன்.
ஞாயிறுதோறும் அவர் அனுப்பிய வரிகளை உள்ளே திணித்து,
சாத்தி, இருபது வரை எண்ணி, திறந்து,
இல்லை என்று எழுதினேன்.
இல்லை.
இல்லை.
திரை ஒரு கணம் சாம்பலானது, பிறகு இல்லை.
"சாம்பலா!" என்று அவர் எழுதினார்.
முகம் தெரியாத மனிதர்
ஒரு சாம்பல் நிறத்துக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது
எனக்கு இரண்டு நாள் போதுமாயிருந்தது.

வெளியீடு மூன்று வாரம் தள்ளிப்போனது.
எத்தனையோ காரணம்,
அதில் நாங்களும் ஒரு காரணம்.

நூறு விழுக்காடு.
நிறுவுகிறேன். மாற்றங்களின் பட்டியலில்
நூற்றுப் பன்னிரண்டாவது வரி:
சில பழைய மடிக்கணினிகள் இனி
உறக்கத்திலிருந்து ஒழுங்காக விழிக்கும்.
சில.
அந்தச் சில நான்தான்.
என் பெயர் இல்லை, ஹல்வார் பெயரும் இல்லை.
பஸ்ஸில் போகிறவர்களுக்கு
வயர் கோத்தவனைத் தெரியுமா என்ன.

மூடியைச் சாத்தினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
ஏழோ எட்டோ எண்ணியிருப்பேன்,
பூட்ஸைக் கூடக் கழற்றாமல் மேசையிலேயே தூங்கிவிட்டேன்.

விழித்தபோது பகல் பதினொன்று.
வதனி வேலைக்குப் போய்விட்டாள்.
என் தோளில் அவளுடைய பழைய ஸ்வெட்டர்.
மூடி சாத்தியே கிடந்தது,
மேலே டேப் இல்லை,
பசையின் தடமும் அதில் ஒட்டிய தூசும் மட்டும்.

திறந்தேன்.
ஒரு கணம் சாம்பல்.
பிறகு இந்த வருட வரிக்கணக்கு, நான்காம் பக்கம்,
சேமிக்காமல், பாதி எண்ணில் நிறுத்தி,
கர்சர் கண் சிமிட்டிக்கொண்டு.

எழும்பிப் போய்த் தேடினேன்.
டேப் படுக்கையறைக் கதவில் இருந்தது,
கொஞ்சம் கோணலாக,
இரண்டு பேர் கையெழுத்தோடும்.