இணைப்பு: நான்கு

மசேரு அலுவலகம் கேட்டது மூன்றே கேள்வி:
முடியுமா, கட்டுப்படியாகுமா, பழகுவார்களா.

செமொன்கொங் கம்பளிக் கொட்டகையில்
மூன்றாம் நாளும் மின்சாரம் இல்லை.
"எப்போது வரும்?"
"வரும்போது" என்றாள் மாலினேயோ.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

சிக்னல் தேடி
மயிர் கத்தரிக்கும் மேடையில் ஏறி நின்றேன்.
ஒரு கோடு வந்தது; போயிற்று.
கீழே முக்கால் மொட்டையாய் ஒரு செம்மறி
என்னையே பார்த்தது.

பேரேட்டில் எல்லாம் மை.
கடன் பத்தி மட்டும் பென்சில்.
ஏன் என்றேன்.
"ஜூலைப் பனியில் மந்தை சாகும்.
செத்த ஆட்டிடமா கம்பளி கேட்பது?"
சொல்லிவிட்டு
ரப்பர் துகளை ஊதினாள்.
தேவைகள் பட்டியலில் 'அழித்தல்' என்று எழுதி
எதிரே 'அனுமதி: மாலினேயோ' என்று போட்டேன்.

கடைசி மாலை
எடைக்கல் தேடிப் பொதிகளை நகர்த்தினான் செகோபெ.
பின்னால் ஆறு அட்டைப்பெட்டிகள்:
திரை, விசைப்பலகை, கம்பிச் சுருள்.
மேலே கிழிந்திருந்த பெட்டிக்குள்
பூனை குட்டி போட்டிருந்தது.
ரசீதின் தேதி,
ஆய்வுக்கு என்னை அழைத்த கடிதத்தைவிட
நான்கு மாதம் மூத்தது.

தாலி கட்டி முடிந்தபின்
பொருத்தம் பார்க்க வந்த சோசியன் நான்.

மலையிறங்கும் லாரியில்,
எழுத்து குலுங்கக் குலுங்க,
முடிவுரை எழுதினேன்.
சாத்தியமே.
நிபந்தனைகள், இணைப்பு நான்கில்:
குட்டிகள் கண் திறக்கும் வரை
பெட்டியைத் தொடக்கூடாது.
பிறகு,
வருடத்துக்கு இரண்டு டஜன் பென்சில்.